தடைக்காலத்து வாசிப்புக்கு எந்த நாவல்?

ஏப்ரல் 15 பிறந்தால் மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நாட்களில் எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது என்று நள்ளிரவிலும் எழுதிக்கொண்டிருப்பேன். தடைக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே கை ஓய்ந்துவிடும். அப்படிக் கை ஓய்ந்த ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தடைக்காலத்துக்கு ஒரு நாவல். வாரத்தில் இரண்டு மாலை, வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து, முறை வைத்துச் சத்தமாக வாசிப்பது.

அந்த ஆறு பேர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் புத்தகம் என்பது கடைசியில் அவர்களைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர். கீழக்கரையில் பிறந்து, வேதாளையில் பெண் எடுத்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருந்துவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், அவரை எல்லோரும் ஐயா என்போம். ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன். அப்புறம் நான். அக்காவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும். ஆனால் காதில் விழுந்தது எதுவும் அவருக்கு மறக்காது.

இந்த வருடம் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். எழுத்தாளர் பேர் பெற்றவராக இருக்கலாம், எடுக்கும் புத்தகம் அவருடைய பேர் பெற்ற புத்தகமாக இருக்கக் கூடாது. இதற்குக் காரணம் போன வருடத்து அனுபவம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்தோம். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று பலரும் சொல்லும் புத்தகம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எட்டாவது மாலையில் நின்றுபோனோம். நாயகன் பாண்டியனின் மனவோட்டம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. சங்கப் பாட்டும் சித்தர் பாட்டும் மதுரைத் தெருவும் மெடான் தெருவும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வருகின்றன. தனியாகப் படிக்கிறவருக்கு அது பெரும் விருந்து. சத்தமாக வாசிக்கிறவருக்கு எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. கேட்கிறவருக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ‘இது ரொம்பப் பெரிய நாவல்’ என்று ஐயா முதல் நாளே சொல்லிவிட்டதால், புரியாத இடத்தில் கேட்க எல்லோருக்கும் கூச்சம். புகழ் பெற்ற புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே அதைப் பற்றி நான்கு பேர் சொன்னது நம் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அதிகம் பேசப்படாத புத்தகத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. நாம் என்ன நினைக்கிறோமோ அதைத்தான் பேசியாக வேண்டும், கடன் வாங்கிப் பேச ஒன்றுமில்லை.

நாள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 61 நாள் என்று பேர்தானே தவிர, முதல் வாரம் படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டுவது, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து பார்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று அண்ணனுக்கு ஓடிவிடும். கடைசி வாரம் வலை ஏற்றுவதும் டீசல் பிடிப்பதும். மிச்சம் ஏழு வாரம், பதினான்கு மாலை. ஒரு மாலைக்குப் பதினைந்து பக்கம் என்றால் 210 பக்கம். வாசித்ததைப் பற்றிப் பேசவும் நேரம் வேண்டும் என்பதால் இதற்கு மேல் இழுத்துப் போட்டால் தாங்காது.

இந்தக் கணக்கிலேயே ஐயா சொன்ன ஒரு நல்ல புத்தகம் அடிபட்டுப் போனது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’. 1998இல் வந்த அவருடைய மூன்றாவது நாவல், 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை. ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கும் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளுக்கும் இருக்கிற வாசகர்கள் இதற்கு வாய்க்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நாவல். ஆனால் தலையணை அளவு. இரண்டு தடைக்காலம் சேர்ந்தாலும் முடியாது. ஜோ டி குரூஸின் ‘அஸ்தினாபுரம்’ வேண்டும் என்று தம்பி கேட்டான். அண்ணன் இன்னும் ‘கொற்கை’யின் பாதியில் நிற்கிறார், அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். சரி என்று விட்டுவிட்டோம்.

மிஞ்சியவை மூன்று. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘துறைமுகம்’, தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’. மூன்று பேருமே கடலோடு பேர் சேர்ந்தவர்கள். மூன்று புத்தகமும் அவரவருடைய பெரிய புத்தகத்தின் நிழலில் கிடப்பவை. ஆனால் அந்த நிழல் ஒவ்வொன்றின் மீதும் ஒவ்வொரு விதமாக விழுந்திருக்கிறது.

முதலில் தகழி. இவர் பேரைச் சொன்னால் எங்கள் கரையில் ‘செம்மீன்’ என்பார்கள். நாவல் படித்திருக்க வேண்டியதில்லை, 1965இல் வந்த படம் போதும். அந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. அவரே அதற்கும் முன்னால், இருபதுகளின் தொடக்கத்தில், தமிழாக்கிய இன்னொரு தகழி நாவல் ‘தோட்டியின் மகன்’. மலையாளத்தில் 1947இல் வந்தது. தமிழில் ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வந்து, புத்தகமாக வர 2000ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.

நிபந்தனைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சிறிய புத்தகம், பதினான்கு மாலைக்குள் முடிந்துவிடும். கதை நேராகப் போகிறது. ஆலப்புழை நகரத்தில் மலம் அள்ளும் இசக்கிமுத்து, நோயில் படுத்ததும் தன் வேலையை மகனுக்கு வாங்கிக் கொடுக்கத் துடிக்கிறான். அந்த மகன் சுடலைமுத்து, தன் மகன் இந்த வாளியைத் தொடக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொள்கிறான். மகனுக்கு மோகன் என்று பேர் வைக்கிறான். ஒரு தோட்டி தன் பிள்ளைக்கு இப்படி ஒரு பேர் வைக்கலாமா என்று ஊரே அதைப் பேச்சாக்குகிறது. அந்தப் பேச்சிலேயே நாவல் நம்மைப் பிடித்துவிடும். அந்த ஆலப்புழைத் தோட்டிகள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் என்பது இன்னொரு விஷயம். மலையாள நாவல்தான், ஆனால் அதில் துன்பப்படுகிறவர்கள் நம் ஆட்கள்.

‘செம்மீ’னையே மறுபடி படிக்கலாமே என்று பேச்சு வந்தபோது அக்கா ஒரு கேள்வி கேட்டார். படத்தை டிவியில் பார்த்திருக்கிறார். “தம்பி, அதுல பொம்பளை கரையில ஒழுங்கா இருந்தாத்தான் ஆம்பளை கடல்லேருந்து திரும்புவான்னு சொல்லுவாங்க இல்ல? நாங்களே கடலுக்குப் போறோமே, எங்களுக்காகக் கரையில யாரு ஒழுங்கா இருக்கா?” இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ‘செம்மீ’னைப் பழையபடி நினைக்க முடியவில்லை. அக்கா பாசிக்காகத் தீவுகளைச் சுற்றி முங்குகிறவர். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாறையோடு ஒட்டி வளர்பவை. கையால் பிய்க்க வேண்டும். விரல்களைக் கிழிந்த சேலைத் துணியால் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் பாறை கீறிவிடும். வாசிக்க வரும் மாலையில் அவர் விரல் நுனிகள் உப்பில் ஊறி வெளுத்து, வெடித்து இருக்கும். பக்கத்தை விரலால் புரட்ட மாட்டார், உள்ளங்கையின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளித்தான் புரட்டுவார். அந்தக் கையோடு அவர் ‘தோட்டியின் மக’னின் முதல் சில பக்கங்களை மாதிரிக்கு வாசித்தார். இசக்கிமுத்து முடியாமல் கிடந்துகொண்டு வேலை போய்விடுமே என்று கவலைப்படும் இடத்தில் நிறுத்தி, “இவன் சாகப் பயப்படல, லீவு போடத்தான் பயப்படுறான்” என்றார்.

அப்படியானால் இதையே எடுத்துவிடலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. தயக்கம் ஒன்றே ஒன்று. இந்த நாவலில் துயரம் ஓயாமல் வருகிறது. கொள்ளை நோய், ஏமாற்றம், சங்கம் வைக்கப் பார்த்து அது உடைவது. ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை. தடைக்காலத்தில் வீட்டில் காசு இருக்காது. நிவாரணத் தொகை வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். வாரம் இரண்டு மாலை, பதினைந்து பதினைந்து பக்கமாக இந்தத் துயரத்தை ஏழு வாரத்துக்கு நீட்டுவது சரியில்லை. இது ஒரே மூச்சில் தனியாகப் படித்து, அன்று இரவு தூங்க முடியாமல் கிடக்க வேண்டிய புத்தகம். தனியாகப் படிக்க ஒன்றே ஒன்று சொல் என்று யாராவது என்னைக் கேட்டால், மூன்றிலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது ‘துறைமுகம்’. இதை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றவர் அண்ணன். தோப்பில் மீரான் தேங்காய்ப்பட்டணத்துக்காரர், 1944இல் பிறந்து 2019இல் மறைந்தார். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ வந்ததும் தமிழில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது. இந்த இரண்டுக்கும் நடுவில் 1991இல் வந்தது ‘துறைமுகம்’. முன்னாலும் பின்னாலும் இரண்டு பெரிய புத்தகங்கள் நிற்பதால் இடையில் இது தெரியாமல் போய்விட்டது.

கதை நடப்பது சுதந்திரத்துக்கு முன்னால். மீன் பிடிபடுவது ஒரு கரையில், கருவாடாகி விலை போவது கொழும்பில். சரக்கை அனுப்பியவருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கொழும்பில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். நல்ல விலை என்று நம்பி அனுப்பியவர் கடைசியில் கடன்காரராக நிற்கிறார். இதைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னிக்கு மட்டும் என்னவாம்? கம்பெனிக்காரன்ட்ட முன்பணம் வாங்கியாச்சு. றாலு அவன்ட்டதான் போடணும். வெல என்னன்னு கேட்டா, அங்கேருந்து போன் வரட்டும்ங்கிறான்.” அவர் சொல்வது உண்மை. எங்கள் படகு ஜெட்டியில் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் விலையே தெரியவரும். ஐஸ் கணக்கு எழுதும் நானே பல முறை பார்த்திருக்கிறேன்: ஐஸுக்கும் டீசலுக்கும் கழித்தது போக என்ன மிஞ்சுகிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கொழும்பு என்பதும் எங்களுக்கு வெறும் பேரில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் எங்கள் பக்கத்துக்குக் கொழும்பு கிட்டத்தில்தான் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, அங்கிருந்து ஓடிய கப்பலும் அதோடு நின்றது. ஊரில் எழுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கொழும்புச் சோப்பு, கொழும்புத் துணி என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். அதனால் இந்த நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். மற்ற ஊர்களில் இதை ஒரு சமூகத்தின் கதையாகப் படிப்பார்கள். எங்கள் கூடத்தில் இதை ஒரு விலைச்சீட்டைப் படிப்பது போலப் படிப்பார்கள். அப்படிப் படிப்பதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

ஊருக்குள் புதிதாக ஒரு பையன் யோசிக்கத் தொடங்கினால் ஊர் அவனை என்ன செய்யும் என்பதையும் மீரான் காட்டுகிறார். அதில் பாய்க்கு ஆர்வம். தன் சின்ன வயதில் பார்த்ததை அவர் சொல்ல ஆரம்பித்தால் அதுவே ஒரு மாலைக்குப் போதும்.

ஆனால் மொழி ஒரு தடை. மீரான் தன் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதுகிறவர். அதில் மலையாளமும் அரபும் குமரித் தமிழும் கலந்திருக்கும். அவருடைய அழகே அதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு ராமநாதபுரத்து நாக்கு. தம்பி ஒரு பக்கத்தை மாதிரிக்கு வாசித்தபோது மூன்று இடத்தில் நின்றான். பாய் இரண்டை விளக்கினார், மூன்றாவது அவருக்கும் பிடிபடவில்லை. கண்ணால் படிக்கிறவர் தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடலாம். வாயால் வாசிக்கிறவர் அதை உச்சரித்துத்தான் தீர வேண்டும். மூன்றில் இதுதான் பெரிய புத்தகமும்கூட. பதினைந்து பக்கக் கணக்கில் ஜூன் 14க்குள் முடியாது. மழைக்காலத்தில் நவம்பர், டிசம்பரில் கடல் கலங்கிக் கிடக்கும் வாரங்களில் எடுத்தால் அவசரமில்லாமல் போகலாம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார், மனசில்லாமல்தான்.

மூன்றாவதாக ‘கடலுக்கு அப்பால்’. இதைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், நான் இதன் பக்கம் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். மற்ற இரண்டுக்கும் நியாயமாக இடம் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன்.

ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். சிங்கம்புணரி இன்று சிவகங்கை மாவட்டம். 1985 வரை எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். பிழைப்புக்காக இந்தோனேசியாவில் மெடானுக்குப் போனார். போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் தனியாக வாழ்ந்து 1997இல் இறந்தார். எழுதியது இரண்டே நாவல். முதலாவது ‘கடலுக்கு அப்பால்’, ‘கலைமகள்’ நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்று 1959இல் வெளியானது. இரண்டாவது ‘புயலிலே ஒரு தோணி’. எழுதிப் பல வருடம் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் அலைந்து 1972இல் வந்தது. அது வந்த காலத்தில் கவனிக்க ஆளில்லை. பிறகு பல வருடம் கழித்துக் கவனித்தார்கள், கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் முதல் நாவல் ‘அதற்கு முன்னால் எழுதிப் பார்த்தது’ என்றாகிவிட்டது. இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்துப் போட்ட பதிப்பும் உண்டு. அதை வாங்கியவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரியதை முடித்துக் களைத்த பிறகு மீதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்ததோடு சரி.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் இரண்டு நாவலும் ஒரே உலகத்தை எடுத்துக்கொண்டாலும் கேட்கும் கேள்வி வேறு. அந்த உலகம் பினாங்கு, மெடான், வட்டிக்கடைகள், ஜப்பான்காரன் வந்த காலம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். ‘புயலிலே ஒரு தோணி’ ஒரு மனிதன் உலகத்துக்கு முன்னால் நிற்பதைப் பற்றியது. ‘கடலுக்கு அப்பால்’ ஒரு கடைக்குள் நடப்பது. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளை, கடை வழக்கில் வானாயீனா. அவரிடம் வேலை பார்த்த செல்லையா. பிள்ளையின் மகள் மரகதம். செல்லையாவுக்கு மரகதம் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். நடுவில் போர் வருகிறது. செல்லையா தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான். போர் முடிந்து கடைக்குத் திரும்பி வருகிறான். போரில் மகனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இப்போது கடையை ஒப்படைக்க ஆள் வேண்டும். ஆனால் துப்பாக்கி பிடித்துப் பழகிய ஒருவன் பணப்பெட்டிக்கு முன்னால், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பானா என்று அவருக்குச் சந்தேகம். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

பிள்ளை வில்லன் கிடையாது. இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவருக்குச் செல்லையா மேல் பிரியம் உண்டு, அவனுடைய தைரியத்தின் மேல் மதிப்பும் உண்டு. ஆனால் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன ஆட்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, ஊரில் வீடு கட்டி, வயல் வாங்கி என்று படிப்படியாகப் போகிற வாழ்க்கை. அதற்குத் துணிச்சலைவிட அடக்கம் முக்கியம். அந்த ஒழுங்கின்படி பார்த்தால் அவர் செய்வது சரி. செல்லையாவின் பக்கம் நின்று பார்த்தால் அது கொடுமை. நாவல் இரண்டையும் நமக்கு முன்னால் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது.

ஆறு பேர் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? நான் கதையைச் சுருக்கமாகச் சொன்ன அன்றே பாய் பிள்ளையின் பக்கம் சேர்ந்துவிட்டார். “பொண்ணைப் பெத்தவன் அப்படித்தான் பாப்பான். நானும் அப்படித்தான் பாத்தேன்.” அக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. “அந்தப் பொண்ணை யாராச்சும் கேட்டாங்களா பாய்?” என்றார். மரகதம் என்ன நினைக்கிறாள், அவளுக்கு நாவல் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பது உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி. சிங்காரத்தின் எழுத்தில் பெண்களுக்கு இடம் குறைவு என்பது என் கருத்து. அக்கா அதை எப்படிப் பிடித்து உலுக்குவார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பத்தா வைத்திருந்த ஒரு மங்குத் தூக்குச் சட்டி இருக்கிறது. வெள்ளை மங்கு, விளிம்பில் நீலக் கோடு. கைப்பிடி சேரும் இடத்தில் மங்கு உதிர்ந்து கறுப்பு இரும்பு தெரியும். பினாங்கிலிருந்து எங்கள் தாத்தா, அப்பச்சி என்போம், கொண்டுவந்தது. அப்பத்தா அதில் சோறு வைத்து நான் பார்த்ததில்லை. ரசீதுகள், ரேஷன் கார்டு, ஒரு பழைய கப்பல் டிக்கெட்டின் பாதி, இவ்வளவுதான் அதற்குள். அப்பச்சி அங்கே யார் கடையில் இருந்தார், என்ன வேலை பார்த்தார், ஏன் திரும்பி வந்தார் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. ‘கடலுக்கு அப்பா’லில் கடைப் பையன்கள் பேசிக்கொள்ளும் இடங்களைப் படித்தபோதுதான், அவர் இப்படி ஒரு பெஞ்சில் படுத்திருப்பார், இப்படி ஒரு முதலாளிக்குப் பயந்திருப்பார் என்று முதல்முறையாக எனக்குள் ஒரு படம் விழுந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ அந்தப் படத்தை எனக்குத் தரவில்லை. பாண்டியன் அளவுக்கு அப்பச்சி பெரிய ஆளாக இருந்திருக்க மாட்டார்.

இந்தக் கரையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு சட்டியோ பெட்டியோ கடிதமோ இருக்கிறது. பாய் வீட்டில் இருப்பது துபாய்ப் பெட்டி, தம்பி வீட்டில் பர்மாப் பெட்டி. அதனால்தான் இங்கே வாசிக்க இதை முன்வைக்கிறேன். வேறு ஊரில், வேறு ஆட்களோடு என்றால் நானே வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

வாசிப்புக்கு என்று பார்த்தாலும் இது தோதான புத்தகம். அளவு அடங்குகிறது. உரையாடல் நிறைய, யார் பேசுகிறார்கள் என்பது தெளிவு. சண்டை வரும் இடங்களில் வாக்கியங்கள் குறுகி வேகமாகப் போகின்றன, தம்பி வாசித்தால் கூடமே நிமிர்ந்து உட்காரும். மலாய், சீனச் சொற்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் கடைத் தெருப் பேர்கள், சாப்பாட்டுப் பேர்கள் என்று இடம் பார்த்து ஊகிக்க முடிகிறவை. குறை என்று சொன்னால், காதல் வரும் சில பக்கங்களில் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதையின் வாடை அடிக்கிறது. போட்டிக்கு அனுப்பிய நாவல் என்பது அங்கே தெரிகிறது. ஐயா இதைச் சுட்டிக்காட்டினார், நான் மறுக்கவில்லை.

ஐயாவுக்கு இன்னொரு மறுப்பும் இருந்தது. சிறந்ததைப் படிக்காமல் இரண்டாவதைப் படிப்பது சரியா என்றார். நான் இதை மாற்றிப் பார்க்கிறேன். ‘கடலுக்கு அப்பால்’ படித்துவிட்டுப் போயிருந்தால் போன வருடம் நாங்கள் எட்டாவது மாலையில் நின்றிருக்க மாட்டோம். வட்டிக்கடை என்றால் என்ன, பெட்டியடி என்றால் என்ன, ஜப்பான்காரன் போனதும் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் எப்படி என்றெல்லாம் இதில் பழகிக்கொண்டு போனால், பாண்டியன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சட்டென்று பிடிபடும். எழுதியவரே அந்த வரிசையில்தான் எழுதினார். அடுத்த தடைக்காலத்தில் ‘புயலிலே ஒரு தோணி’க்குத் திரும்புவோம் என்று சொன்ன பிறகு ஐயா சம்மதித்தார்.

எங்களைப் போலச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கூட்டத்தில் வியாபாரமும் கடனும் தெரிந்தவர்கள் அதிகம், நாளும் நிறைய இருக்கிறது என்றால் ‘துறைமுகம்’ எடுங்கள். குமரிப் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருந்தால் மொழியும் தடையாகாது. நான்கைந்து மாலைதான் கிடைக்கும், எல்லோரும் மனம் தாங்குகிறவர்கள் என்றால் ‘தோட்டியின் மகன்’. சபர் போய் வந்தவர்களும், போனவருக்காக வீட்டில் காத்திருந்தவர்களும் இருக்கும் ஊர் என்றால் ‘கடலுக்கு அப்பால்’.

இரண்டு பிரதி கையில் இருக்கிறது. ஒன்று ஐயாவுடையது, பென்சில் கோடு நிறைந்தது. மற்றது தம்பி மதுரையில் வாங்கி வந்தது. அண்ணன் படகு கரையேறி, பெயின்ட் காய்ந்த பிறகு, ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்குகிறோம். செல்லையா பேசும் இடங்களைத் தம்பி வாசிப்பான். வானாயீனா பேச்சுக்குப் பாயைத் தவிர வேறு ஆளில்லை. மரகதம் பேசும் இடங்களைத் தானே வாசிப்பதாக அக்கா சொல்லிவிட்டார். நேரமானாலும் பரவாயில்லையாம், எழுத்துக்கூட்டியே வாசிக்கிறேன் என்கிறார். அதற்காக ஒரு பிரதியை இப்போதே வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.